மறதி நோயும் நடுப்பிராயத்தில் தோன்றும் முன்னறிகுறிகளும்

(கம்பத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று கல்வி நிதியைப் பற்றியோ, கலியாணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியோ யாம் பேசுவோமென்று உங்களிற் பலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் நிதி சேர்ப்பதற்கும், கணக்கெழுதுவதற்கும், நல்லது கெட்டது பகுத்து நோக்குவதற்கும் மூலமாயிருப்பது மூளை. அம்மூளை தளர்ந்துபோன குடும்பத்தில் காணி நிலமும், கடை கண்ணியும், பெயரும் புகழும் எவ்வளவிருந்தாலும் அவை காப்பாரற்றுப் போகின்றன. ஆகையால், முதுமையில் வெளிப்பட்டுத் தோன்றும் மறதி நோய்க்கு நடுப்பிராயத்திலேயே காணக்கூடிய குறிகள் யாவை, அவற்றைக் கண்டவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பன பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

நம் பள்ளத்தாக்கிலே திராட்சைப் பந்தல் வைத்திருப்போர் குலை அழுகிய பின்னர் மருந்து தேடி ஓடுவதில்லை. இலையின் அடியில் வெண்பூச்சுப் படியும்போதே அடிச்சாம்பல் நோய் வந்ததென்று அறிந்து பரிகாரம் செய்கின்றனர். பயிரினிடத்து இத்துணை விழிப்புடையோமாகிய நாம், வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்டாலும், “வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பயிருக்குக் காட்டும் கருத்தைப் பெற்றோருக்கும் நமக்கும் காட்டவேண்டாமா என்பதே எம் கேள்வி.

முதலாவது, இந்நோய் இன்னதென்று தெளிவோம். ஆங்கில வைத்தியர் இதனை டிமென்ஷியா என்பர். ஞாபகம், சொல், கணக்கு, வழியறிதல், நிதானம் முதலிய சக்திகள் படிப்படியாகக் குறைந்து, நாள்தோறும் செய்யும் காரியங்களைத் தாமே செய்துகொள்ள இயலாத நிலையை அச்சொல் குறிக்கும். இது பல வியாதிகளால் வரும். அவற்றுள் தலைமையானது அல்ஜைமர் நோய். அடுத்தது மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது. முன்வினைப் பயன், கிரக தோஷம், செய்வினை என்பனவற்றுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. இது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் வருவதுபோல மூளைக்கு வரும் தேக வியாதியேயாம்.

இதனைக் கிழவர் நோயென்று ஒதுக்குவோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். 1901-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனி தேசத்துப் பிராங்பர்ட் நகர வைத்தியசாலைக்கு அகஸ்தே தேத்தர் என்னும் அம்மையார் கொண்டுவரப்பட்டார். அவர்க்கு அப்போது வயது 51. ஞாபகம் குன்றியிருந்தது, கணவர்மீது காரணமின்றி ஐயமும் கொண்டிருந்தார். 1906-இல் அவர் இறந்த பின் அலாய்ஸ் அல்ஜைமர் என்னும் வைத்தியர் அவர் மூளையைப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்து, நரம்பணுக்களிடையே படிந்த கட்டிகளையும், அணுக்களுள்ளே முறுக்குண்ட நார்களையும் கண்டார். அவ்வாண்டிலேயே தூபிங்கன் நகரத்து வைத்தியர் கூட்டத்தில் அதனை எடுத்துரைத்தார். ஆகவே இந்நோய் உலகுக்கு முதலில் அறிமுகமானது நடுப்பிராயத்து மாது ஒருவரைக் கொண்டேயாம். பெரும்பாலோர்க்கு இது 65 வயதுக்குப் பின்னரே வெளிப்படுமாயினும், மூளையில் அதன் விதை விழுவது வெளிப்படுவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்னரே என்பது இக்காலத்து ஆராய்ச்சியின் முடிவு. எழுபதில் தடுமாறுவோர்க்கு ஐம்பதிலேயே தொடங்கியிருக்கும் என்பது கருத்து.

இது மேனாட்டார்க்கே உரிய பிணியன்று. செங்கற்பட்டுப் பக்கத்துத் திருப்போரூர்க் கிராமங்களில் சென்னை வைத்தியர் ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட அறிக்கையில், 60 வயது கடந்தவருள் நூற்றுக்கு 3.5 பேர்க்கு இந்நோய் இருந்தமை கண்டனர். பின்னர் இந்தியா முழுவதும் நிகழ்ந்த பெரிய ஆராய்ச்சியொன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி 60 வயது கடந்தவருள் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். ஆடவரினும் பெண்டிர்க்கும், நகரத்தாரினும் கிராமத்தார்க்கும் இது மிகுதி என்றும் அவ்வாராய்ச்சி கூறுகின்றது. கல்வி பெறாதோர்க்கு இது மிகுதி என்பதும் கவனிக்கத்தக்கது. நம் தாய்மாரையும் பாட்டிமாரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைத்த குற்றத்தின் தண்டனை இப்படியும் வந்து சேர்கின்றது.

இனி, நடுப்பிராயத்தைப் பற்றிய ஆராய்ச்சிகள் இரண்டு கூறுவோம். நியூஜீலாந்து தேசத்து டனீடின் நகரில் 1972, 1973 ஆண்டுகளில் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை அறிஞர் அன்றுமுதல் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். அவர்கள் 45 வயதை அடைந்தபோது நடையின் வேகத்தை அளந்து, எம்.ஆர்.ஐ. கருவியால் மூளையையும் படம் பிடித்தனர். மெதுவாக நடந்தோரின் மூளை, வேகமாக நடந்தோருடையதைக் காட்டிலும் முதுமைக் குறிகள் மிகுந்து காணப்பட்டதென்று 2019-இல் அறிவித்தனர். அக்கூட்டத்தாரின் படங்களைக் கொண்டே, ஒரே ஒரு மூளைப் படத்தைப் பார்த்து ஒருவர் எவ்வளவு விரைவில் முதுமையடைகின்றார் என்று கணிக்கும் முறையொன்றை 2025-இல் வெளியிட்டனர். இவை ஆராய்ச்சிக்கு உதவுவன. நம் ஊர் வைத்தியசாலையில் ஒருவர் விதியைக் குறித்துக் கொடுக்கும் ஜாதகமாக இவற்றைக் கொள்ளலாகாது. முழங்கால் வலியால் மெதுவாக நடப்போரும் அநேகர், அவர்கள் அஞ்சவேண்டுவதில்லை.

மற்றொன்று நமக்கு அண்மையில் உள்ளது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி நிலையத்தார், கோலார் ஜில்லா சீனிவாசபுரம் தாலுகாவின் கிராமங்களில் 45 வயதும் அதற்கு மேலும் உள்ள பதினாயிரம் பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்க எண்ணி 2018-இல் வேலை தொடங்கினர். நோயுற்றபின் தேடுவதன்றி, நலமாயிருக்கும் நடுவயதினரான நாட்டுப்புறத்தாரையே அவர்கள் தேர்ந்தெடுத்தனர். கேழ்வரகும் மாந்தோப்பும் மாட்டுத் தொழுவமுமாக வாழும் அக்குடியானவர்கள் வாழ்க்கையில் நம்மிலிருந்து வெகு தூரத்தவரல்லர். ஆகையால் அங்கே அறியப்படுவன நமக்கும் பயன்படும்.

இனிக் குறிகளுக்கு வருவோம். இங்கே இரண்டு தவறுகளுக்கு இடமுண்டு. மறதி யாவையும் நோயென்று அஞ்சுவது ஒன்று. நோயை வெறும் மறதியென்று தள்ளுவது மற்றொன்று. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், பழைய சிநேகிதர் பெயர் நாவில் நின்று சிறிது நேரங்கழித்து வருவதும் எவர்க்கும் உள்ளனவே. கண்ணாடி எதற்கு என்பதையே மறப்பதும், காலையில் நடந்த பேச்சு மாலையில் நினைப்பூட்டினாலும் நினைவுக்கு வாராததும் வேறு.

ஏலக்காய் வியாபாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். போடிநாயக்கனூர் ஏலத்தில் முப்பது வருஷம் வாய்க்கணக்காகவே கொள்முதல் செய்தவர், 55 வயதில் மூட்டை விலையைக் கூட்டுவதில் அடிக்கடி தவறுகின்றார்; கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுக்கின்றார்; தமக்குள்ள குறையை மறைக்கக் கணக்கப்பிள்ளைமீது கோபிக்கின்றார். வீட்டுத் தலைவி ஒருவரையும் எண்ணுங்கள். ஐம்பது பேர்க்குத் தனியே சமைத்துப் போட்டவர், இப்போது குழம்பில் புளி கரைத்து விட்டோமா என்று மயங்குகின்றார்; அடுப்பில் வைத்ததை மறக்கின்றார்; செய்யும் வரிசை குலைகின்றது. உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூருக்கு ஆயிரம் முறை போனவர் பழகிய சாலையிலே திசை தெரியாமல் நிற்பதும், இயல்பான சொல் வாராமல் “அது, இது” என்று பேச்சைக் கடத்துவதும், ஒரே சேதியை ஒரு மணி நேரத்தில் பலமுறை சொல்வதும் இவ்வகைக் குறிகளே.

வேறொரு வகையும் உண்டு. ஞாபகம் நன்றாயிருக்கும், குணம் மாறிவிடும். நாணமுடையவர் நாணமிழப்பார், சிக்கனக்காரர் கண்டவர்க்கு வாரியிறைப்பார், பேரக் குழந்தையிடத்து உயிராயிருந்தவர் அது விழுந்து அழுதாலும் திரும்பிப் பாரார். மூளையின் முன்பாகம் தேய்வதால் வரும் இவ்வகை, 65 வயதுக்கு முன்னரே வருவது மிகுதி. இவர்களைக் கெட்டுப்போனார் என்று ஊர் தூற்றுகின்றது; வைத்தியரிடம் அழைத்துப் போவாரில்லை.

இவற்றுள் ஒன்றை ஒருநாள் கண்ட மாத்திரத்தில் முடிவு செய்யலாகாது. முன்பிருந்த நிலையிலிருந்து மாறுதல் உண்டா, ஆறு மாதமாக வளர்ந்து வருகின்றதா, அன்றாட வேலையைத் தடுக்கின்றதா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்கவேண்டும். நோயுடையவர் தம் குறையைத் தாமே உணராதிருத்தலும் உண்டாதலால், உடனிருப்போர் சொல்லுக்கு வைத்தியர் மிக்க மதிப்புக் கொடுப்பர். திடீரென்று ஒரே நாளில் குழப்பமோ, வாய்க்கோணலோ, கைகால் சோர்வோ கண்டால் அது வேறு அவசரம். கணமும் தாமதியாது பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

“குணமாகாத நோயை முன்னதாக அறிந்து யாது பயன்?” என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வி. பயன் மூன்று.

முதலாவது, மறதி நோய் போலத் தோன்றுவன யாவும் அந்நோயல்ல. பி-12 என்னும் வைட்டமின் குறைதல், தைராய்டுச் சுரப்பி மந்தித்தல், மனச்சோர்வு, மதுப்பழக்கம், சில தூக்க மருந்துகள், தலையில் அடிபட்டு உள்ளே மெல்ல இரத்தம் கட்டுதல் ஆகிய இவற்றாலும் அறிவு மங்கும். காலத்தில் கண்டு சிகிச்சை செய்தால் இவற்றுட் பல தேறும். சாதாரண இரத்தப் பரீட்சையில் தெரியக்கூடிய குறைக்காக ஒருவரைப் பைத்தியமென்று மூலையில் உட்காரவைத்தல் கொடுமையன்றோ?

இரண்டாவது, உண்மையில் அந்நோயே ஆயினும், சில காலம் அறிவைத் தாங்கிப் பிடிக்கும் மாத்திரைகள் உண்டு. மூளையிற் படியும் பொருளை அகற்றும் ஊசி மருந்துகளும் வந்துள்ளன. அவற்றுள் லெக்கானெமாப் என்பது 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. அது நோயின் ஓட்டத்தைச் சிறிது தாமதிக்கின்றது, நிறுத்துவதில்லை. மூளை வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய அபாயங்களும் அதற்குண்டு. ஆகையால் பூரண குணமென்று விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்கவேண்டாம். மூன்றாவது, சித்தம் தெளிவாயிருக்கும்போதே நிலபுலன், கடன், பாகம் முதலியவற்றைத் தம் விருப்பப்படி ஒழுங்கு செய்துகொள்ள நேரம் கிடைக்கின்றது. இதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

தடுக்கும் வழி உண்டா? உண்டு. லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகை நியமித்த அறிஞர் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் 14 காரணங்களைக் காட்டி, அவற்றை நீக்கினால் உலகில் மறதி நோயுள் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமென்று கணித்துள்ளது. இளமையில் கல்வியின்மை, நடுப்பிராயத்தில் காது மந்தம், கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, அதிகப் பருமன், மனச்சோர்வு, தலைக்காயம், புகை குடித்தல், மிகுந்த மது, தேகாப்பியாசமின்மை, முதுமையில் தனிமை, காற்றின் அசுத்தம், கவனியாத கண்பார்வைக் குறைவு என்பன அவை. இவற்றுட் பத்து நடுப்பிராயத்துக்குரியன என்பதைக் கவனியுங்கள். அதனாலேயே நடுவயதினர்க்கு இதனைச் சொல்லவந்தோம்.

நம் வயலுக்கு வாய்க்கால் எப்படியோ, மூளைக்கு இரத்தக் குழாய் அப்படி. தலைமடையில் கரை கெட்டால் கடைமடைப் பயிர் வாடும். இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் பல வருஷம் வலியின்றியே குழாய்களைக் கெடுக்கும். வலியில்லை என்று மாத்திரையை நிறுத்துவோர் நம்மிற் பலர், அது கூடாது. தேனியைச் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவற்றைக் கட்டணமின்றியே அளந்து கொள்ளலாம். காது மந்தமானவரைப் பரிகாசம் செய்யாமல் காதுக் கருவி வாங்கிக் கொடுங்கள்; பேச்சுக் கேளாதவர் பேச்சிலிருந்து விலகுவர், விலகினவர் மூளை வேலையின்றி வாடும். போடிமெட்டிலும் குமுளி மலைப்பாதையிலும் மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர் தலைக்கவசமின்றிப் போவது முப்பது வருஷத்துக்குப் பின்வரும் அறிவையும் பணயம் வைப்பதாகும். விசேஷங்களில் மதுவை உபசாரமாக்கும் வழக்கத்தையும் நாம் கைவிடவேண்டும்.

பின்லாந்து தேசத்தில் 60 முதல் 77 வரை வயதான 1,260 பேரைக் கொண்டு நடந்த பரீட்சையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. நல்லுணவு, தேகாப்பியாசம், மூளைக்குப் பயிற்சி, இரத்தக் குழாய்க் காவல் ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டாண்டு செய்தவர், வெறும் புத்திமதி பெற்றவரினும் அறிவில் மேம்பட்டனர். ஆகவே அறுபது வந்துவிட்டது, இனிப் பயனில்லை என்றிருத்தலும் தவறு.

நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்றுண்டு. ஐதராபாத் நகர வைத்தியர் 648 நோயாளரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், இரண்டு மொழி பேசுவோர்க்கு ஒரு மொழியே பேசுவோரைவிட நாலரை ஆண்டு தாமதித்தே இந்நோய் வந்ததென்று கண்டனர். எழுத்தறியாதாரிடத்தும் அவ்வேறுபாடு இருந்தது. வேறு தேசத்து ஆராய்ச்சிகளில் மாறுபட்ட முடிவுகளும் உள்ளனவாயினும், வீட்டில் கன்னடமோ தெலுங்கோ, சந்தையில் தமிழ், மலையேறினால் மலையாளம் என்று பேசி வாழும் நம் பள்ளத்தாக்கினர் அப்பழக்கத்தைப் பிள்ளைகளிடத்தும் காத்தல் நன்றேயாம்.

இனிச் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும். ஆயினும் நம்மவர் கூட்டத்தில் நாம் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்? நோயை நம் வீடுகள் மறைப்பதற்குக் காரணம் பெண்ணுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்னும் அச்சம். முதுமையில் வரும் இந்நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகட்கு நிச்சயமாக இறங்குவதன்று. அப்படி நேரே இறங்கும் குடும்பங்கள் மிக அரியன. இதனைக் காரணமாக்கிச் சம்பந்தத்தை முறிப்பதும், அதற்கஞ்சி நோயாளியைப் பின்கட்டில் அடைப்பதும் அறியாமையின் இரண்டு முகங்களே.

இன்னொன்று கைநாட்டு. தகப்பனார் நினைவு தடுமாறுவதைக் கண்டவுடன் வைத்தியரிடம் போவதற்கு முன் பத்திர எழுத்தரிடம் போகும் பிள்ளைகள் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தெளிந்த சித்தமில்லாத நிலையில் செய்த ஒப்பந்தம் செல்லாது. பராமரிப்பதாக நிபந்தனை செய்து சொத்தைப் பெற்றுக்கொண்டு கைவிட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அம்மாற்றத்தை ரத்து செய்ய வழியுண்டு. சட்டம் இருக்கட்டும், பேரப்பிள்ளை பெயரையே மறந்த கையைப் பிடித்து உருட்டி வாங்கின நிலத்தில் விளையும் நெல் எப்படி உண்ணத்தகும்?

மூன்றாவது, பாரம் யார்மேல் விழுகின்றது என்பது. விடியுமுன் ஜீப்பிலேறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வரும் மருமகளே இரவெல்லாம் விழித்து மாமியாரைக் காக்கவேண்டுமென்றால் அவள் எவ்வாறு தாங்குவாள்? மக்களும் பங்காளிகளும் முறைவைத்துப் பொறுப்பேற்றல் கடமை. நோயாளியோடு வாதாடாமை, தினமும் ஒரே ஒழுங்கில் வேலைகளை அமைத்தல், சட்டைப்பையில் வீட்டு முகவரி வைத்தல் ஆகிய சிறு காரியங்களாலேயே பெருந்துன்பம் குறையும்.

ஆகவே நம் சங்கத்தார்முன் மூன்று யோசனைகளை வைக்கின்றோம். ஒன்று: ஆண்டுக் கூட்டத்தன்று 40 வயது கடந்த ஆடவர் பெண்டிர் யாவர்க்கும் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது, கண் ஆகிய நான்கையும் வைத்தியரைக் கொண்டு பரிசோதித்தல். இரண்டு: ஐயத்திற்கிடமானவரைக் கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல, பேச்சை வெளியிடாத நால்வரை நியமித்தல், வழிச்செலவைச் சங்க நிதியே ஏற்றல். மூன்று: கல்வி நிதியில் பாதிக்குக் குறையாமல் பெண் குழந்தைகட்கு ஒதுக்குதல். இம்மூன்றாவது இந்நோய்க்கு எப்படி மருந்தாகுமென்பதை முன்னரே சொன்னோம். ஐம்பது வருஷம் கழித்துப் பலன் தரும் மருந்து அது.

பெரியோர்களே! நம் பாட்டனாரெல்லாம் பெயரையும் முறையையும் வாய்க்கால் வரப்பையும் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. தங்கள் நினைவிலேயே வைத்து நமக்குக் கொடுத்தனர். அந்நினைவு தளரும்போது தாங்கிப் பிடிப்பது நம் கடன். நம் நினைவு தளராதபடி இன்றே காத்துக்கொள்வது நம் பிள்ளைகட்கு நாம் செய்யும் உபகாரம். இவ்விஷயத்தை இன்றிரவே உங்கள் வீடுகளில் பேசுமாறும், மூன்று யோசனைகளையும் அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கின்றோம்.